மெய்நிகர் டிராகனுக்குப் புதிய தோற்றப் பண்பு வடிவமைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

டிராகன் வளர்க்கும் விளையாட்டுகளுக்குத் தோற்றப் பண்பு, அதாவது டிராகனின் உடல் மேல் வரும் வரி, புள்ளி போன்ற வடிவம், வரையப் புதிதாக வருகிறவர்கள் அநேகமாக எல்லோரும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். தங்களுக்குப் பிடித்த டிராகனை எடுத்து, பிடித்த நிறத்தில் அதன் மேல் வரிகளோ புள்ளிகளோ போட்டு, பளபளப்பும் சேர்த்துவிட்டு, "பண்பு தயார்" என்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது பண்பு இல்லை, ஒரே ஒரு டிராகனின் படம்.

பண்பு என்பது விதி மாதிரி. எந்த உடலின் மேலும், எந்த நிறத்திலும், பக்கத்தில் வேறு எந்தப் பண்பு வந்து உட்கார்ந்தாலும் அது நிற்க வேண்டும். ஒரு விளையாட்டில் உடல், சிறகு, மேலலங்காரம் என்று மூன்று இடங்கள், ஒவ்வொன்றுக்கும் 24 நிறங்கள், 10 பண்புகள் என்று வையுங்கள். நிறச் சேர்க்கை மட்டும் 13,824. பண்புகளையும் சேர்த்தால் 1 கோடியே 38 லட்சத்தைத் தாண்டும். ஃப்ளைட் ரைசிங் என்ற டிராகன் வளர்க்கும் இணைய விளையாட்டில் 177 நிறங்கள் இருக்கின்றன. மூன்று இடங்களின் நிறச் சேர்க்கையே 55 லட்சத்துக்கு மேல். இதில் உங்கள் கண்ணால் பார்த்துச் சரி செய்யக்கூடியவை ஒரு நூறு இருக்குமா? மீதி எல்லாம் உங்களைக் கேட்காமலேயே உருவாகும்.

அதனால்தான் கீழே உள்ள வரிசை கொஞ்சம் தலைகீழாகத் தெரியும். நிறம் ஆறாம் படியில்தான் வருகிறது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில், டிராகனின் மூலக் கோப்பு. அதில் கோட்டோவியம், நிழல், அடிநிறம் மூன்றும் தனித்தனி லேயரில் (ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் படத்தாளில்) இருக்க வேண்டும். எல்லாம் ஒன்றாக ஒட்டிய படத்தின் மேல் வரைந்தால், ஏற்கெனவே இருக்கும் நிழலின் மேல் உங்கள் நிழலும் ஏறி உடல் அழுக்காகத் தெரியும்.

இரண்டாவது, உடல் பாகங்களின் மாஸ்க், அதாவது வரைவது அந்தப் பாகத்தைத் தாண்டிப் போகாமல் தடுக்கும் மறைப்பு. உடல், சிறகுத்தோல், வயிற்றுத் தகடு, கொம்பு, நகம், கண் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. இது இல்லாமல் தொடங்கிய பலர், எல்லாம் முடிந்த பிறகு கண்ணுக்குள் போன வரியை அழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

மூன்றாவது, பெரிய அளவு. திரையில் 350 பிக்ஸலில் தெரியப்போகிறது என்றால் மூலத்தை 1400 பிக்ஸலில் வரையுங்கள். பெரியதைச் சுருக்கலாம், சிறியதைப் பெரிதாக்கினால் விளிம்புகள் குழைந்துவிடும்.

மென்பொருள் எதுவானாலும் சரி. கிரிட்டாவும் கிம்ப்பும் இலவசம், இந்த வேலைக்குப் போதும். லேயர் கலப்பு முறைகள் (மேல் லேயர் கீழ் லேயரோடு சேரும் விதங்கள்), மாஸ்க், கிரேடியன்ட் மேப் (சாம்பல் அளவுகளை நிறங்களாக மாற்றும் வசதி) மூன்றும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. பண்பை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

தூரிகையைத் தொடும் முன் எழுதுங்கள். அந்த வாக்கியத்தில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: என்ன வடிவம், உடலில் எங்கே அடர்த்தி, எங்கே மறைகிறது, நிறத்தை எங்கிருந்து எடுக்கிறது.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்கிறேன். பெயர் "வெடிப்பு". அதன் வாக்கியம் இது: "காய்ந்த சேறு போல வெடித்த கோடுகள், முதுகில் நெருக்கமாகத் தொடங்கி வயிற்றை நோக்கி அகன்று மறையும், தனி நிறம் கிடையாது, உடல் நிறத்தையே கருமையாக்கும்."

கடைசிப் பகுதிதான் முக்கியம். சில பண்புகள் அடிநிறத்தை இருட்டாக்கவோ வெளுக்கவோ மட்டும் செய்யும். சில, தனக்கென்று ஒரு நிறத்தை வாங்கிக்கொள்ளும். இரண்டும் முற்றிலும் வேறு வேலை, சோதனையும் வேறு. பாதி வரைந்த பிறகு ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவினால் வரைந்ததில் பாதியைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

வாக்கியம் ஒன்றுக்குள் அடங்கவில்லை என்றால் கையில் இருப்பது இரண்டு பண்பு. "வரிகளும் உண்டு, புள்ளிகளும் உண்டு, சிறகில் நட்சத்திரமும் உண்டு" என்று யாராவது சொன்னால், அதை மூன்றாகப் பிரித்துக்கொள்ளச் சொல்வேன்.

3. உடலின் ஓட்டத்தைக் குறியுங்கள்

கோட்டோவியத்தின் மேல் ஒரு புதிய லேயர் வைத்து அம்புக்குறிகள் போடுங்கள். முதுகெலும்பு எந்தப் பக்கம் வளைகிறது, விலா எலும்பு எப்படிச் சுற்றிப் போகிறது, தொடை எங்கே உப்புகிறது, சிறகின் விரல் எலும்புகள் எங்கே விரிகின்றன. பத்து நிமிட வேலை. இதைத் தாண்டிப் போகிறவர்களின் டிராகன்கள் அச்சிட்ட துணியை வெட்டி ஒட்டினது போல இருக்கும், ஏனென்றால் வரிகள் உடலோடு வளையாமல் தட்டையாகப் போகும்.

உண்மையான விலங்குகளைக் கொஞ்சம் பாருங்கள். முதுகு இருண்டு வயிறு வெளுத்திருப்பது மீன் முதல் மான் வரை பல உயிர்களில் உண்டு. மேலிருந்து விழும் வெளிச்சத்தில் உடல் எடுப்பாகத் தெரியாமல் இருக்க அது உதவுகிறது. உங்கள் பண்பும் அதே திசையில் மறைந்தால், ஏன் என்று தெரியாமலேயே பார்ப்பவருக்கு இயல்பாகத் தோன்றும்.

வாலைப் பற்றி ஒரு சுவையான செய்தி. விலங்குத் தோலின் வடிவங்களை வேதிப்பொருள்கள் பரவுவதை வைத்து விளக்க முடியும் என்று கணிதவியலாளர் ஆலன் டூரிங் 1952இல் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தக் கணக்கைத் தொடர்ந்து பார்த்தால், அகன்ற உடலில் புள்ளிகளாக வரும் வடிவம் ஒடுங்கிய வாலில் வளையங்களாக மாறும். அதற்கு எதிர்மாறாக, வரி போட்ட உடலுக்குப் புள்ளி போட்ட வால் வராது. சிறுத்தையின் வாலைப் பார்த்தால் தெரியும்: நுனியில் வளையங்கள். ஆகவே புள்ளிப் பண்பு வரைகிறீர்கள் என்றால், வால் நுனியில் புள்ளிகளைச் சிறிதாக்கி நுழைக்க வேண்டாம், வளையமாக்கிவிடுங்கள். நேரமும் மிச்சம்.

நம் "வெடிப்பு"க்கு இதே போல ஒரு சிறு கவனிப்பு. சேறு முதல் முறை காயும்போது, ஒரு வெடிப்பு இன்னொன்றில் போய்ச் செங்கோணமாக முட்டும். நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து வந்தால் மூன்று கோடுகள் 120 பாகையில் கூடும் வடிவத்துக்கு மெல்ல மாறும். முதல் வகை கரடுமுரடாகவும், இரண்டாவது செதில் மாதிரி ஒழுங்காகவும் தெரியும். டிராகனுக்கு ஏற்கெனவே செதில் உண்டு, அதனால் முதல் வகையை எடுத்தேன். இல்லாவிட்டால் இரண்டும் கலந்து எது வெடிப்பு எது செதில் என்றே தெரியாது.

4. சாம்பல் நிறத்தில் மட்டும் வரையுங்கள்

அடிநிறத்தை நடு சாம்பலாக்குங்கள், அதாவது 0 முதல் 255 வரையான அளவில் 128. பண்பையும் சாம்பலிலேயே வரையுங்கள். நிறம் கண்ணை ஏமாற்றும்: சிவப்பின் மேல் பச்சை வரி போட்டால் அட்டகாசமாக எடுத்துக் காட்டும், ஆனால் இரண்டின் வெளிச்ச அளவும் ஒன்றாக இருக்கலாம். அதே வரி நிறம் மாறியதும் காணாமல் போகும். இன்னொரு காரணமும் உண்டு. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பும் பச்சையும் தெளிவாகப் பிரிந்து தெரியாது. நிற வேறுபாட்டை மட்டும் நம்பிய பண்பு அவர்களுக்கு வெறும் உடலாகவே தெரியும்.

வரையும் ஒழுங்கு: முதலில் பெரிய வடிவங்கள், அடுத்து நடுத்தரம், கடைசியில் நுணுக்கம். "வெடிப்பு"க்கு முதுகில் ஏழெட்டுப் பெரிய கோடுகள் மட்டும் போட்டு, தள்ளி நின்று பாருங்கள். அதிலேயே பண்பு என்னவென்று புரிய வேண்டும். புரியவில்லை என்றால் இருநூறு சின்னக் கோடுகள் போட்டாலும் புரியப்போவதில்லை.

நிழலைப் பண்புக்குள் வரையாதீர்கள். நிழல் தனி லேயரில் ஏற்கெனவே இருக்கிறது. எனக்குத் தெரிந்து எல்லோரும் ஒரு முறையாவது செய்யும் தவறு இதுதான், நானும் செய்தேன். கோடு கொஞ்சம் ஆழமாகத் தெரியட்டும் என்று நிழல் சேர்த்தேன். படுத்திருக்கும் டிராகனில் நன்றாக இருந்தது, வெளிச்சம் எதிர்ப்பக்கம் இருந்து விழும் நின்ற நிலையில் ஒவ்வொரு வெடிப்பும் மேடு போலப் புடைத்துக்கொண்டு நின்றது.

மாஸ்க்கை இப்போதே மாட்டுங்கள். வரைந்து முடித்த பிறகு வெட்டினால் விளிம்பில் வெள்ளை நூல் போல ஒரு கோடு தங்கிவிடும். வெள்ளைப் பின்னணியில் தெரியாது, இருண்ட பக்கத்தில் போட்டதும் பளிச்சென்று தெரியும்.

5. உடனே சிறிதாக்கிப் பாருங்கள்

நுணுக்கத்துக்குப் போகும் முன் இதைச் செய்ய வேண்டும். டிராகனைப் பெரும்பாலும் பட்டியலில்தான், சின்னப் படமாகத்தான் பார்ப்பார்கள். 1400 பிக்ஸல் மூலம் 75 பிக்ஸலாகச் சுருங்கினால், மூலத்தில் 19 பிக்ஸலுக்குக் குறைவான தடிமன் உள்ள எதுவும் ஒரு பிக்ஸலைக்கூட நிரப்பாது. அது மறையாது, அதைவிட மோசம்: உடல் முழுக்கப் புழுதி படிந்தது போல மங்கலாகும்.

அதனால் பெரிய வெடிப்புகளை 20 பிக்ஸலுக்கு மேல் வைத்தேன், மயிரிழைக் கோடுகளை அவற்றின் பக்கத்தில் மட்டும் விட்டேன். சின்னப் படத்தில் பெரியவை தெரிந்தால் போதும். பெரிய படத்தைத் திறக்கிறவருக்கு மயிரிழைகள் பரிசு.

6. கொடுமையான நிறங்களில் சோதியுங்கள்

இங்கேதான் அதிக நேரம் போக வேண்டும். உங்களுக்குப் பிடித்த நிறத்தில் சோதிப்பது சோதனையே இல்லை. கறுப்பு, வெள்ளை, பளீர் மஞ்சள், அடர் நீலம், சிவப்பு, நடு சாம்பல் என்ற ஆறில் போட்டுப் பாருங்கள். மஞ்சளும் நீலமும் ஏன்? இரண்டும் நிறத்தில் ஒரே அளவு அழுத்தமானவை, ஆனால் திரையில் ஒளி அளவு எங்கோ எங்கோ. பச்சை ஒளி சுமார் 71.5%, சிவப்பு 21.3%, நீலம் 7.2% என்ற விகிதத்தில்தான் கண்ணுக்கு வெளிச்சம் தருகிறது. முழு மஞ்சள் 93% வெளிச்சம், முழு நீலம் 7%. மஞ்சளில் எழுத்தைப் போலத் தெரியும் கோடு நீலத்தில் ஓடி ஒளிந்துகொள்ளும்.

கணக்கில் பார்த்தால் இன்னும் தெளிவு. "வெடிப்பு" மல்டிப்ளை முறையில் கருமையாக்குகிறது. அந்த முறையில் இரண்டு அளவுகளையும் பெருக்கி 255ஆல் வகுப்பார்கள். கோட்டின் சாம்பல் 150 என்று வையுங்கள். வெளிர் உடல் 230 என்றால் கோடு 135 ஆகிறது. வித்தியாசம் 95, நன்றாகத் தெரியும். இருண்ட உடல் 30 என்றால் கோடு 18, வித்தியாசம் 12. கறுப்பு டிராகனை ஆசையாக வளர்க்கிறவர் இந்தப் பண்பை வாங்கிப் போட்டுவிட்டு, எதுவும் மாறவில்லையே என்று கேட்பார். கேட்பது நியாயம்தான்.

கோட்டை இன்னும் கறுப்பாக்கலாமே என்றுதான் முதலில் தோன்றும். வேண்டாம். முழுக் கறுப்பு வைத்தாலும் 30க்கும் 0க்கும் இடையில் 30தான் வித்தியாசம், அதற்குள் வெளிர் டிராகன் மேல் மையைக் கொட்டினது போல ஆகிவிடும்.

சரியான வழி, ஒவ்வொரு வெடிப்பின் ஒரு பக்க விளிம்பிலும் மெல்லிய வெளிர் கோடு ஒன்றைத் தனி லேயரில், ஸ்கிரீன் முறையில் சேர்ப்பது. மல்டிப்ளை இருட்டாக்குவது போல ஸ்கிரீன் வெளுக்கும். அந்த விளிம்பின் அளவு 90 என்றால், 30 உள்ள இருண்ட உடலில் விளிம்பு சுமார் 109 ஆகும், வித்தியாசம் 79. 230 உள்ள வெளிர் உடலில் 239. வித்தியாசம் வெறும் 9. அதாவது வெளிர் டிராகனில் கருங்கோடு பேசும், வெளிர் விளிம்பு வாயை மூடிக்கொள்ளும். இருண்ட டிராகனில் அப்படியே மாறும். ஒரே கோப்பு, எந்தத் தனிச் சரிக்கட்டலும் இல்லை.

இதற்கு ஒரு விலை உண்டு. நடு நிறங்களில் இரண்டும் ஒரே நேரத்தில் பேசும், பண்பு தூக்கலாகத் தெரியும். அளவைக் குறைக்க வேண்டிய இடம் அதுதான். நடு சாம்பலில் சுமாராகத் தெரியும் வரை குறைத்துவிட்டு, மறுபடி கறுப்புக்கும் வெள்ளைக்கும் போய்ப் பாருங்கள். நான்கைந்து முறை இப்படி முன்னும் பின்னும் போக வேண்டியிருக்கும். பொறுமை இல்லாதவர்கள் இரண்டாவது சுற்றிலேயே நிறுத்திவிடுகிறார்கள், அது பிறகு தெரியும்.

தனி நிறம் வாங்கும் பண்பாக இருந்தால் சோதனை வேறு: பண்பின் நிறமும் உடலின் நிறமும் ஒன்றாகவே இருந்தால் என்ன ஆகும்? நீல உடலில் நீல வரி. யாராவது கண்டிப்பாகச் செய்வார்கள், அதை விரும்பியே செய்கிறவர்கள் நிறையப் பேர். அப்போதும் வடிவம் மெலிதாகத் தெரிய, வரியின் ஓரத்தில் கொஞ்சம் கருமையைப் பண்போடு சேர்த்தே வையுங்கள்.

7. மற்ற பண்புகளோடு உட்கார வைத்துப் பாருங்கள்

எல்லாப் பண்போடும் சோதிக்க முடியாது. மூன்று போதும்: இருப்பதிலேயே அடர்த்தியானது, இருப்பதிலேயே பளபளப்பானது, உங்களுடையதைப் போலவே இருப்பது.

மூன்றாவதுதான் பலரும் மறப்பது. "வெடிப்பு" போலவே கோடுகள் உள்ள செதில் பண்பு ஒன்று மேலே வந்தால், இரண்டு வலைகளை ஒன்றின் மேல் ஒன்று விரித்தது போல ஆகிவிடுகிறது. இதற்கு நான் கண்ட வழி, வெடிப்புகளின் அளவைச் செதிலைவிடக் குறைந்தது மூன்று மடங்கு பெரிதாக வைப்பது. அளவு வேறுபட்டால் கண் இரண்டையும் தனித்தனியாகப் படிக்கும்.

8. மற்ற உடல்களுக்கும் வயதுகளுக்கும் மாற்றுங்கள்

ஒரு உடலில் எல்லாச் சோதனையும் தாண்டிய பிறகுதான் அடுத்ததற்குப் போங்கள். 8 இனம், ஆண் பெண் இரண்டு, குஞ்சும் பெரியதும் என்றால் 32 பலகைகள், அதாவது தனித்தனியாக வரைய வேண்டிய 32 படங்கள். ஒன்றுக்கு 3 மணி நேரம் என்றால் 96 மணி. ஆறாம் படியில் ஒரு குறை இருந்து, அதை 32 பலகையும் வரைந்த பிறகு கண்டுபிடித்தவரைப் பார்த்திருக்கிறேன். மேசையைவிட்டு எழுந்து போனவர் இரண்டு வாரம் திரும்பவில்லை.

இரண்டாவது உடலாக முதலாவதுக்கு நேர் எதிரானதை எடுங்கள். முதலில் தடித்த நான்கு கால் டிராகன் என்றால், அடுத்தது சிறகே இல்லாத பாம்பு உடல். விதி இந்த இரண்டிலும் நின்றால் நடுவில் உள்ளவை அடங்கிவிடும்.

வடிவத்தை நகலெடுத்து ஒட்டி இழுக்காதீர்கள். இரண்டாம் படியின் வாக்கியத்தை மறுபடி படித்து, அந்த உடலின் ஓட்டத்துக்குப் புதிதாக வரையுங்கள். கோடுகள் வேறாகலாம், வாக்கியம் மாறக் கூடாது.

குஞ்சுக்குப் பெரியதைச் சுருக்கி வைத்தால் கூட்டமாகிவிடும். ஏழெட்டு வெடிப்புகள் இருந்த இடத்தில் மூன்று போதும்.

9. மரபு விதியும் அரிதுத்தன்மையும்

இது கலை வேலை இல்லை என்று பலர் ஒதுங்குவார்கள். ஆனால் பண்பு எவ்வளவு பேர் கையில் போகும் என்பதை முடிவு செய்வது இதுதான், அதை நீங்கள் சொல்லாவிட்டால் வேறு யாராவது கண்ணை மூடிக்கொண்டு ஒரு எண் போடுவார்கள்.

இரண்டு பெற்றோரில் ஒருவரிடம் மட்டும் "வெடிப்பு" இருந்தால் குஞ்சுக்கு வரும் வாய்ப்பு 15% என்று வைத்தால், 3 முட்டை உள்ள ஒரு கூட்டில் ஒன்றிலாவது வரும் வாய்ப்பு சுமார் 39%. இரண்டு மூன்று முறை இணை சேர்த்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும். ஓரளவு அரிது, எரிச்சல் இல்லை.

1% வைத்தால் கதை வேறு. 100 முட்டை பொரித்தால் ஒன்று கிடைக்கும் என்று நினைத்துத்தான் அந்த எண்ணைப் போடுகிறார்கள். உண்மையில் 100 முட்டை பொரித்தவர்களில் சுமார் 37% பேருக்கு ஒன்றுகூட வராது. 95% பேருக்காவது கிடைக்க வேண்டும் என்றால் ஏறத்தாழ 300 முட்டை ஆகும். அவ்வளவு பேரைக் காக்க வைக்கும் பண்பு அதற்குத் தகுந்த மாதிரி இருக்க வேண்டும். இத்தனை முட்டை பொரித்த பிறகும் கிடைக்கவில்லை என்றால் உறுதியாகத் தரும் ஒரு வழியையும் சேர்த்தே எழுதிக் கொடுங்கள்.

அப்புறம், மரபில் மறைந்து வரும் பண்பாக வைத்தால், இரண்டு பெற்றோரும் அதை மறைவாகச் சுமந்தால் குஞ்சுக்கு 25%. இது விளையாடுகிறவர்களுக்குப் பிடிக்கும், ஏனென்றால் வம்சத்தைப் பார்த்து ஊகிக்க முடியும். ஆனால் யார் சுமக்கிறார் என்று பார்க்க ஒரு வழி இருந்தால் மட்டும். அந்த வசதி இல்லாத விளையாட்டில் இது வெறும் குலுக்கல்.

10. பெயரும் ஒப்படைப்பும்

பெயர் ஒரே சொல்லாக, வடிவத்தைச் சொல்வதாக இருக்கட்டும். நிறத்தைச் சொல்லும் பெயர் வேண்டாம். "தீப்பொறி" என்று பெயர் வைத்த ஒரு பண்பை வெளிர் நீலத்தில் பார்த்தபோது யாருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கோப்பில் லேயர்களுக்கு வேலையைச் சொல்லும் பெயர் கொடுங்கள்: "கருங்கோடு மல்டிப்ளை", "விளிம்பு ஸ்கிரீன்" என்பது போல. கலப்பு முறையைப் பெயரிலேயே எழுதினால், வேறு மென்பொருளில் திறக்கும்போது முறை மாறிப்போனாலும் கண்டுபிடிக்கலாம். கூடவே அந்த ஒரு வாக்கியம், ஆறு நிறச் சோதனைப் படங்கள், 75 பிக்ஸல் சின்னப் படம், வாய்ப்பு எண்கள் எல்லாவற்றையும் ஒரே உறையில் வையுங்கள். கறுப்பு டிராகனின் படத்தை முதலில் வைத்தால் நல்லது. சரிபார்க்கிறவர் முதலில் தேடுவது அதைத்தான்.